குடிபெயர்ப்பும் குலதெய்வமும்

ஒரு குடும்பம் பல தலைமுறைகள் வாழ்ந்த ஊரை விட்டுத் தொலைவூருக்குப் பெயரும் நாளில், எந்தப் பொருளை லாரியில் ஏற்றுவது, எதைக் கையில் கொண்டுபோவது, எதை விட்டுச்செல்வது என்று வீட்டார் செய்யும் பகுப்பு, வண்டியின் கொள்ளளவை மட்டும் பொறுத்ததன்று; தெய்வம் இடத்துக்கு உரியதா, அவ்விடத்து மக்களுக்கு உரியதா என்னும் பழைய சமயக் கேள்விக்கு அவர்கள் சொல்லாமல் சொல்லும் விடையும் அதில் அடங்கியுள்ளது. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த தாயில்பட்டியும் அதைச் சூழ்ந்த கரிசல் ஊர்களும் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களம். மானாவாரி வேளாண்மையையும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களையும் சார்ந்து வாழும் இவ்வட்டாரத்திலிருந்து, வானம் பொய்த்த ஆண்டுகளிலும் ஆலைகள் மூடிக் கிடந்த காலங்களிலும் குடும்பங்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைப்புத் தேடிப் பெயர்வது புதிதன்று. பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த 2018 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து ஆலைகள் பல மாதங்கள் மூடப்பட்டிருந்தது இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. பெயர்வது குடும்பம், கண்மாய்க் கரையிலோ காட்டோரத்திலோ நிற்கும் அதன் குலதெய்வம் பெயர்வதில்லை.

வண்டி ஏற்றுவதற்கென்று ஒரு முறைமை உண்டு. பீரோ, கட்டில் சட்டம், கிரைண்டர் போன்ற கனத்த சாமான்கள் முதலில் ஓட்டுநர் அறையை ஒட்டி நெருக்கி அடுக்கப்படும். அவற்றின் இடுக்குகளில் பாயும் தலையணையும் செருகப்படும். சாக்கில் கட்டிய பாத்திரங்களும் துணி மூட்டைகளும் அவற்றின்மேல் ஏறும். கடைசியாகத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டப்படும். புறப்படும் நாளையும் வீட்டார் தாமாக முடிவு செய்வதில்லை. ஆடியும் மார்கழியும் முழுதாக விலக்கு. வாரசூலை, அதாவது குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட திசை நோக்கிப் பயணம் தொடங்கலாகாது என்னும் விதி, செவ்வாயிலும் புதனிலும் வடக்கே போவதைத் தடுக்கிறது. லாரி கிடைப்பது அந்த நாளில்தான் என்றால், பால் அருந்திப் புறப்பட்டால் சூலம் தணியும் என்ற பரிகாரத்தையும் அதே மரபு வைத்திருக்கிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டி நகர்த்தப்படும்.

இந்த அடுக்குமுறைக்குள் வராத சில பொருள்கள் உண்டு. சாமிப் படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி ஆகியவை லாரியின் சுமையோடு சேர்வதில்லை. அவை வீட்டாரின் கையில் போய், சாமான்கள் இறங்குவதற்கு முன்பே புதிய வீட்டுக்குள் நுழைகின்றன. அதன் பின்னரே பால் காய்ச்சப்படுகிறது. உடைந்துவிடும் என்ற அச்சத்தால் படம் தனியே எடுத்துச் செல்லப்படுகிறது என்று விளக்க இயலாது. அதைவிட எளிதில் உடைவதும் பன்மடங்கு விலையுடையதுமான தொலைக்காட்சிப் பெட்டி, போர்வை சுற்றப்பட்டுச் சுமையோடு சுமையாகத்தான் ஏறுகிறது. சாமிப் படமோ பல்லாயிரக்கணக்கில் அச்சாகும் தாள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வ உருவங்களும் அவர் மாணவர்கள் வரைந்தவையும் சிவகாசி அச்சகங்களின் வழியாக நாட்காட்டிகளில் ஏறித் தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்தன. பயணத்துக்கு நாள் குறிக்கும் தினசரித் தாளும் பெரும்பாலும் அதே ஊரில் அச்சாகிறது. தாயில்பட்டியிலிருந்து திருப்பூருக்கு மடியில் வைத்துக் கொண்டுசெல்லப்படும் முருகனுக்கு நிகரான படத்தைத் திருப்பூர்க் கடையிலேயே வாங்கிவிடலாம் என்பது எடுத்துச் செல்பவருக்கும் தெரியும். மங்கிப்போன படத்தைக் கோயில் மரத்தடியில் விட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறவரும் அவரே. அருமையாலோ விலையாலோ விளக்க முடியாத இந்த மதிப்பு, உடைமை என்றால் என்ன என்னும் கேள்விக்கு ஆராய்ச்சியை இட்டுச் செல்கிறது.

அக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர்கள் சமணர்கள். அவர்களின் தடம் இவ்வட்டாரத்திலேயே, கழுகுமலைப் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களாக நிற்கிறது. பரிக்கிரகம், அதாவது பற்றிக்கொள்ளுதல் அல்லது உடைமை கொள்ளுதல், துறவிக்கு முற்றிலும் விலக்கப்பட்டது. இல்லறத்தாருக்கோ நிலம், வீடு, பொன், வெள்ளி, கால்நடை, தானியம், பணியாட்கள், துணி, பாண்டம் முதலான பத்து வகைகளில் இவ்வளவுக்குமேல் வேண்டாம் என்று தாமே எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பு விதிக்கப்பட்டது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்துக்குத் தரும் இலக்கணத்தில் பொருளே இடம்பெறவில்லை. பொருளின்மீது மனம் மயங்கிக் கிடக்கும் நிலையாகிய மூர்ச்சையே உடைமை என்று அது வரையறுக்கிறது. ஆட்டுவார் இல்லாத ஆட்டுக்கல்லை வண்டியில் ஏற்றியே தீரவேண்டும் என்று எழும் சச்சரவை இக்கொள்கை செம்மையாக விளக்குகிறது. சுமைதூக்குவோர் அத்தத்துவத்தை நூல் படியாமலே அறிவர். ஆயினும் சாமிப் படத்தை அது விளக்குவதில்லை. படத்தைச் சுமப்பவர் அதைத் தம் உடைமையாகக் கருதாதபோது, மூர்ச்சை என்ற சொல் அங்கே பொருந்த இடமில்லை.

ஆகம மரபு இதே கேள்வியை வேறு வாயிலின் வழியே அணுகியது. அது திருமேனிகளை அசலம், சலம் என்று பகுக்கிறது. அசலம் என்பது கருவறையில் அசையாது நிலைநிறுத்தப்படும் மூலவர், சலம் என்பது வீதியுலா எழுந்தருளும் உற்சவர். மூலவரைப் பீடத்தோடு இறுக்கும் எட்டுப் பொருள்களாலான சாந்து அட்டபந்தனம் எனப்படும். திருப்பணியின்போது மூலவரின் ஆற்றலைக் கும்ப நீருக்குள் ஈர்த்து வாங்கும் சடங்கு கலாகர்ஷணம்; அவ்வாற்றல் தற்காலிகமாகத் தங்கும் இடம் பாலாலயம். ஆக, ஆகமத்தின்படி தெய்வம் இடம் மாறக்கூடியதே. மந்திரமும் அதை அறிந்த ஆசாரியரும் வேண்டும், அவ்வளவே. இதன் வரலாற்றுச் சான்றுகளுள் தலையாயது திருவரங்கம். 1323இல் டில்லிப் படை நெருங்கியபோது மூலவரின் முன்னே கற்சுவர் எழுப்பப்பட்டது. உற்சவரான அழகியமணவாளர் பிள்ளை லோகாசாரியரின் காவலில் தெற்கே புறப்பட்டு, ஜோதிஷ்குடி, கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் தங்கி, 1371இல் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் கோயிலில் வேறோர் உற்சவர் வழிபடப்பட்டு வந்ததால், வந்தவர் பழையவர்தாமா என்ற ஐயம் எழுந்தது. பார்வையிழந்த முதிய சலவைத் தொழிலாளி ஒருவர், திருமஞ்சன ஆடையைப் பிழிந்த நீரைக் கொண்டு இவரே நம் பெருமாள் என்று உறுதிசெய்தார் எனக் கோயில் மரபு கூறுகிறது. மந்திரத்தால் பெயர்ந்த தெய்வத்தை அடையாளம் காண, அதன் துணியை வெளுத்தவரின் பழக்கம் தேவைப்பட்டது என்பதை ஆகம நூல்கள் எங்கும் விதியாக எழுதவில்லை. ஆனால் அது எந்த விதியைக் காட்டிலும் குறைவான சான்றன்று.

கரிசல் நாட்டு மரபு இவ்விரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. இங்கே வழங்கும் தலக்கதைகளில் திரும்பத் திரும்ப வருவது நகர மறுத்த சுமை. தென்காசிக்காகக் காசியிலிருந்து பாண்டிய மன்னன் அரிகேசரி பராக்கிரமன் இலிங்கம் கொண்டுவந்தபோது, அதைச் சுமந்த பசு வழியில் நின்றுவிட, நின்ற இடத்திலேயே இலிங்கம் நிறுவப்பட்டு அவ்வூர் சிவகாசி ஆயிற்று என்பது ஊர் வழக்கு. சாத்தூர் அருகே அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில், சாணம் பொறுக்கிய பெண் இறக்கிவைத்த கூடையை மீண்டும் தூக்க முடியாமல் போனதும், அவள்மேல் அருள் வந்து அவ்விடத்து மண்ணுக்குள் மாரியம்மன் இருப்பது வெளிப்பட்டதும் அக்கோயிலின் தோற்றக் கதை. ஒன்றில் அரசன், மற்றதில் சாணக் கூடைக்காரி. ஒன்றில் சிவன், மற்றதில் மாரி. அமைப்பு மட்டும் ஒன்றே. தெய்வம் தன் இடத்தைப் பேச்சால் அறிவிப்பதற்கு முன் எடையால் அறிவிக்கிறது. சுமப்பவர் போக வேண்டிய இடம் ஒன்றாக இருக்க, சுமை தங்க விரும்பும் இடம் வேறாகிறது. அம்முரணில் வெல்வது சுமையே. இக்கதைகளை வரலாற்றுச் செய்தியாகக் கொள்வதா என்பது வேறு ஆராய்ச்சி. அவை முன்வைக்கும் இறைக்கொள்கையோ ஐயத்துக்கு இடமற்றது: இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தெய்வத்தினுடையது, வண்டிக்காரருடையதன்று.

அவ்வாறாயின் பெயர்ந்துபோகும் குடிகள் என்ன செய்வது? பிடிமண் என்னும் வழக்கம் இங்கேதான் எழுகிறது. பழைய கோயிலின் மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று, புதிய ஊரில் அதைப் பதித்துப் பீடம் எழுப்பி, அத்தெய்வத்தையே அங்கு வழிபடுவது பிடிமண் எடுத்தல் எனப்படும். தென்மாவட்டங்களில் ஐயனார், கருப்பசாமி, சுடலைமாடன் கோயில்கள் பல இவ்வாறு கிளைத்தவை. நினைத்தபோது மண்ணை அள்ளிவிட இயலாது. சாமியாடி வழியாகவோ பூக்கட்டிப் பார்த்தோ உத்தரவு கேட்கப்படும். கிடைக்கவில்லையெனில் மண் எடுக்கப்படுவதில்லை. கரிசல் மக்களுள் தெலுங்கு பேசும் சமூகத்தார் தம் முன்னோர் வடக்கேயிருந்து ஆற்றைக் கடந்து வந்த கதைகளில், தெய்வம் தமக்கு வழிகாட்டி வந்ததாகவே சொல்கின்றனர், கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலுக்கு அடித்தளமாக அமைந்தவை அத்தகைய வாய்மொழி மரபுகளே. குடிகள் தெய்வத்தைத் தூக்கிவந்தனர் என்று சொல்வதற்கும் தெய்வம் உடன் வந்தது என்று சொல்வதற்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது.

பிடிமண்ணைத் தத்துவ நோக்கில் விளக்க முற்படுவோர், ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதால் முதல் விளக்கின் ஒளி குறையாதது போல, தெய்வமும் பகுபடாமல் பெருகுகிறது என்பர். இவ்வுவமை அழகியது, ஆனால் போதாதது. ஏற்றப்பட்ட விளக்கு மூல விளக்குக்கு எந்தக் கடனும் படுவதில்லை. பிடிமண் கோயிலோ கடன்பட்டது: சிவராத்திரியிலும் பங்குனி உத்திரத்திலும் மூலக்கோயிலுக்குச் சென்று வருவது கிளைக்கோயிலாரின் கடமையாகவே எண்ணப்படுகிறது. பண்டைய கிரேக்கர் புதுக்குடியேற்றம் அமைக்கச் சென்றபோது தாய்நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துச் சென்றனர். தாய்நகரான கொரிந்துக்கு விழாக்களில் உரிய மரியாதையைக் குடியேற்றமான கோர்கைரா செய்யவில்லை என்பது, அவ்விரு நகரங்களுக்கும் மூண்ட பகையின் காரணங்களுள் ஒன்றாகத் துசிடிடீசின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. நெருப்பாயினும் மண்ணாயினும், எடுத்துச் செல்லப்படுவது உறவின் பொறுப்பு. அதனால்தான் அதை மறந்தவர்மீது வருத்தம் எழுகிறது.

அப்பொறுப்பின் நடைமுறை வடிவம் தலைக்கட்டு வரி. திருமணமாகித் தனிக் குடும்பமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் கொடைக்கான செலவு தலைக்கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கப்பட்டு வரியாக வாங்கப்படும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகனின் பெயரும் ஊர்க் கணக்கில் நீடிக்கிறது. அவன் தம்பி மணம் முடித்தால் கணக்கில் ஒன்று கூடுகிறது. லாரி வீட்டைக் காலி செய்தது, கணக்கைக் காலி செய்யவில்லை. தெய்வம் மக்களுடையதா இடத்தினுடையதா என்ற கேள்வியை இவ்வழக்கம் தலைகீழாக்குகிறது; மக்கள் தெய்வத்தின் ஏட்டில் இருக்கிறார்கள், அந்த ஏடு ஊரில் இருக்கிறது. மடியில் வைத்துக் கொண்டுபோகும் படத்தின் தனி மதிப்பும் இதனால் ஓரளவு விளங்குகிறது. அது அங்கே மாட்டப்படுவது, எந்த ஏட்டைச் சேர்ந்த குடும்பம் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது என்பதை அறிவிக்கவே. ஆகையால் அது சாமான்களுக்கு முன்னே நுழைவது முறையாகிறது.

ஆயினும் இவ்விடையில் ஒரு விரிசல் உண்டு. அதை மூடி மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. தலைக்கட்டு ஆணின் பெயரால் எண்ணப்படுவது. பெண்ணோ திருமணத்தன்று, சீர்வரிசை ஏற்றிய வண்டியோடு, பிறந்த வீட்டுத் தெய்வத்தின் ஏட்டிலிருந்து கணவனுடைய தெய்வத்தின் ஏட்டுக்கு மாற்றப்படுகிறாள். குடிபெயர்ப்பு அவளுக்கு விதி, ஆணுக்கு விலக்கு. அவள் பெயர்வதற்கு எத்தெய்வத்திடமும் உத்தரவு கேட்பதில்லை, பிடிமண்ணும் கொடுத்தனுப்புவதில்லை. முதல் மொட்டையும் காதுகுத்தும் கணவனின் குலதெய்வக் கோயிலில் நடந்தாலும், குழந்தை அமர்வது தாய்மாமன் மடியில் என்பது பிறந்த வீட்டுக்கு விடப்பட்ட சிறு பங்கு. சில ஊர்களில் கணவனை இழந்தவளின் குடும்பம் அரைத் தலைக்கட்டாக எண்ணப்பட்டு அரை வரி வாங்கப்படுவதை இரக்கமாகவும் கொள்ளலாம், பாதி உரிமையாகவும் கொள்ளலாம். வெடி விபத்துகள் ஓயாத இவ்வட்டாரத்தில் அந்த அரைக் கணக்கு பொருளற்ற நுணுக்கமன்று. பிள்ளைகளோடு தனியே தொலைவூருக்குப் பெயரும் அத்தகைய பெண், அங்கே ஒரு பீடம் எழுப்ப எண்ணி மூலக்கோயிலில் வந்து உத்தரவு கேட்டால், பூக்கட்டிப் பார்க்கப்படுவது யாருடைய பெயரில் என்பதைப் பெரியதனக்காரர்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். கூடைக்காரியின் கூடையைத் தேர்ந்தெடுத்த இருக்கன்குடி மாரி அதற்குமுன் எந்தப் பெரியதனக்காரரையும் கேட்டதாக அக்கதை சொல்லவில்லை.