பிள்ளை யார் கையில்?

ஜூன் பிறந்து மேற்கே மேகம் கட்டியதும் தென்காசிப் பக்கத்து வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும்: "குத்தாலத்துல தண்ணி விழுதாம், எப்பப் போவோம்?" சென்னையில் இருக்கும் தம்பி குடும்பம் பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கும். மதுரையிலிருந்து சித்தி வருவார். ஆச்சி, தாத்தா, அத்தை, மாமா என எல்லாரும் ஒரே வேனில் ஏறினால் ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். அந்த வேனில் ஒன்றரை வயதிலோ இரண்டு வயதிலோ ஒரு பிள்ளையும் இருக்கும். ஏறியதிலிருந்து அது மடிக்கு மடி மாறிக்கொண்டே வரும். இத்தனை பேர் இருக்கையில் பிள்ளைக்கு என்ன குறை என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

ஆபத்து அந்த நினைப்பில்தான் இருக்கிறது.

2022 டிசம்பர் இறுதியில் பழைய குற்றாலத்தில் நடந்ததைப் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்த நான்கு வயதுச் சிறுமி, அருவியடியில் தேங்கும் தண்ணீரில் இருந்தபோது, தண்ணீர் வெளியேறும் வழியாக இழுக்கப்பட்டுக் கீழே பாறைகளுக்கு இடையில் போய் விழுந்தாள். விளாத்திகுளத்து இளைஞர் ஒருவர் வழுக்குப் பாறையில் இறங்கி அவளைத் தூக்கி வந்தார். காயங்களோடு பிழைத்துக்கொண்டாள். அரையாண்டு விடுமுறைக் கூட்டமும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்து வரும் நாட்கள் அவை. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பிள்ளையோடு குற்றாலம் போகும் எந்தக் குடும்பத்துக்கும் அது நடந்திருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் இருப்பது பிள்ளைக்குக் காவல் ஆகாது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உலக அளவில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் இறக்கும் காரணங்களில் நீரில் மூழ்குவது நான்காவது இடத்தில் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. மூச்சு இருந்தால்தானே கத்த முடியும்? கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூடத் தடுக்கிக் குப்புற விழுந்த இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தானாக எழத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், சிறுபிள்ளை தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. "நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சில் அந்த ஒருவர் யார் என்பது இல்லை.

நடைமுறையில் அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான். பேரருவியில் ஆண்களுக்குத் தனிப் பக்கம், பெண்களுக்குத் தனிப் பக்கம். பிள்ளை கேள்வியே இல்லாமல் அம்மாவோடு பெண்கள் பக்கம் போய்விடும். அப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் எண்ணெய் தேய்த்து, உடம்பு ஊற வைத்து, அருவியில் ஒரு தடவை நின்று, மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் போய்விட்டு வருவார்கள். அம்மாவோ இடுப்பில் பிள்ளையும் தோளில் துண்டும் கையில் மாற்றுத்துணிப் பையுமாகச் சாரலில் நிற்பாள். குற்றாலம் போயும் தலை நனையாமல் திரும்பிய அம்மாக்கள் இந்தச் சீமையில் எத்தனையோ பேர். அதை ஒரு குறையாகச் சொல்லக்கூட அவர்களுக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை. உறவோடு கூடிப் போகும் பயணத்தில் ஒருத்தி மட்டும் வேலைக்குப் போனதுபோல் திரும்புவது அநியாயம்.

அந்த ஆபத்துக்கும் இந்த அநியாயத்துக்கும் மாற்று ஒன்றுதான்: பிள்ளையைப் பெயர் சொல்லி ஒப்படைப்பது. "மதினி, பிள்ளை இப்ப எங்கிட்ட. நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னவர் அடுத்த ஆளிடம் அதேபோல் சொல்லிக் கொடுக்கும்வரை கைப்பேசியைத் தொடக் கூடாது. துணி பிழியவும் பஜ்ஜி வாங்கவும் நகரக் கூடாது. மூட்டுவலியுள்ள ஆச்சியிடம் ஈரப் பாறையில் பிள்ளையை விடுவது இருவருக்கும் ஆபத்து. ஆனால் மத்தியானம் அறையில் தூளி கட்டித் தூங்கவைக்க ஆச்சியை மிஞ்ச ஆளில்லை. அந்த நேரத்தை அவருக்குக் கொடுக்கலாம்.

பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வந்தாலும் பெரியவர்களின் தோளையே அது அடித்துவிடும். அதன் அடியில் கைப்பிள்ளையைக் காட்டிப் படம் எடுப்பதில் பிள்ளைக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. மேலிருந்து வரும் சாரலே அதற்குப் போதும்.

மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்தபோது பெரியவர்களே விழுந்தடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். இடுப்பில் பிள்ளையோடு அப்படி ஓட முடியாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, குளிக்கக் கூடாது என்று போலீஸார் சொன்னால், "தூரத்திலிருந்து வந்திருக்கோம் சார்" என்று கெஞ்சாமல் திரும்பிவிட வேண்டும். அன்றைக்குத் தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது; கோபுரத்தடியில் வீசும் காற்றில் பிள்ளை ஓடி விளையாடட்டும்.

அடுத்த சீசனுக்கு வேன் பேசும்போது, எண்ணெய், முறுக்கு, மாற்றுத்துணி என்று எழுதும் அதே தாளில், எந்த நேரம் பிள்ளை யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். அருவிக்குப் போனதும் வரும் முதல் முறைக்கு அப்பாவின் பெயரைப் போடுங்கள்.