நாலு நாள்

ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு வந்தவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் நிலத்தில்தான் வந்து நிற்கும். 2024-ல், ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்த பிறகு கேட்கவே வேண்டாம். என்னோடு வேலை பார்க்கும் நண்பனும் நானும் சேர்ந்து தளிப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்க முடிவு செய்தோம். தனியாக வாங்க இரண்டு பேருக்கும் வசதியில்லை.

வில்லங்கச் சான்று போட்டோம், பட்டா பார்த்தோம், சர்வேயரை வைத்து அளந்தோம். நிலத்துக்கு இத்தனை விசாரணை. ஒருவரை ஒருவர் என்ன விசாரித்தோம்? "உன்னத் தெரியாதாடா மச்சான்?" அவ்வளவுதான். பங்காளி பிறப்பிலேயே வந்துவிடுகிறான். கூட்டாளியை நாம்தான் தேடிக்கொள்கிறோம், அப்படியும் விசாரிப்பதில்லை.

அட்வான்ஸ் கொடுத்த வாரம் தரகர் என்னை மட்டும் கூப்பிட்டார். "சார், ரோட்டை ஒட்டி அரை ஏக்கர் வருது. ஃபிரெண்டுகிட்ட சொல்ல வேணாம், உங்க பேர்லயே முடிச்சிருங்க." எங்கள் நிலத்துக்குப் போகும் வழியே அந்த அரை ஏக்கரை ஒட்டித்தான். அதை வைத்திருப்பவர் சொன்னதுதான் எங்கள் நிலத்துக்கு விலை.

நாலு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. மனசு வக்கீலாகிவிட்டது: பேசினது ரெண்டு ஏக்கர்தானே, இது வேற சர்வே நம்பர்தானே?

இதே வாதத்தை நியூயார்க்கில் சால்மன் என்பவர் வைத்திருக்கிறார். 1902-ல் ஒரு ஹோட்டல் கட்டடத்தை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தார். பாதிப் பணம் மெயின்ஹார்டுடையது. குத்தகை முடியும் நேரத்தில் உரிமையாளர் பக்கத்து நிலங்களையும் சேர்த்துப் புதுக் குத்தகை பேசினார். சால்மன் கூட்டாளியிடம் சொல்லாமலே கையெழுத்துப் போட்டார். வழக்கு 1928-ல் முடிந்தது. நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பின் சாரம்: வாய்ப்பு வந்ததைச் சொல்லாமல் மறைத்ததே தவறு. ஏழு நீதிபதிகளில் மூன்று பேர் இதை ஏற்கவில்லை.

நம் ஊரிலும் 1932-ன் கூட்டாண்மைச் சட்டம், ஒன்பதாம் பிரிவில், கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் உண்மையாக இருந்து முழுத் தகவலையும் தர வேண்டும் என்கிறது. சேர்ந்து நிலம் வாங்கும் எல்லோரும் சட்டப்படி கூட்டாளிகள் ஆவதில்லை. அதனால் எனக்குச் சட்டத்தில் தப்பிக்க வழி இருந்திருக்கலாம். உறுத்தியது அது இல்லை. நண்பன் நம்பத் தகுந்தவனா என்று யோசித்த எனக்கு, அவன் தேர்ந்தெடுத்த ஆள் எப்படிப்பட்டவன் என்ற கேள்வி அதுவரை வரவே இல்லை.

ஐந்தாம் நாள் கேன்டீனில் சொன்னேன். அவன் விலை கேட்கவில்லை.

"எப்போ தெரியும்?"

"திங்கக்கிழமை."

அன்றைக்கு வெள்ளி. அவன் விரலை மடக்கி எண்ணியதைப் பார்த்தேன்.

அந்த அரை ஏக்கரையும் சேர்ந்தே வாங்கினோம். இப்போது ஒவ்வொரு தாளையும் அவன் இரண்டு முறை படிக்கிறான். அது நியாயம்தான்.