ஆற்றிலும் வழியிலும் ஆபத்து



அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் தாம் பட்ட துன்பங்களைக் கணக்கிடும்போது, மும்முறை கப்பற்சேதத்தில் அகப்பட்டதையும், ஆறுகளால் வந்த ஆபத்துகளையும் சேர்த்துச் சொல்லுகிறார். அது பழைய காலத்துச் சங்கதி என்று எண்ணவேண்டாம். ஆப்பிரிக்காவிலுள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசில், நம்முடைய விசுவாசத்தையே உடைய எத்தனையோ ஏழைகளுக்கு அது அன்றாடச் சங்கதி.

அந்நாட்டின் பரப்பு 23 லட்சம் சதுர கிலோமீட்டர். தார்ச்சாலையோ மிகச் சொற்பம். மழைக்காலத்தில் மண்சாலைகளில் லாரிகள் நாட்கணக்காய்ப் புதைந்து கிடக்கும். ஆகையால் காங்கோ நதியே அவர்களுக்கு ராஜபாட்டை. கின்ஷாசா பட்டணத்திலிருந்து கிசங்கானி மட்டும் சுமார் 1,700 கிலோமீட்டர் தூரம் அதிலேதான் போக்குவரத்து. கரிமூட்டை, கருவாடு, ஆடு, கைக்குழந்தை எல்லாம் ஒரே படகில் ஏறும். பாரமோ படகு தாங்காது. இரவில் அநேகம் படகுகளுக்கு விளக்குமில்லை.

சாலையிலும் ஆபத்துதான். 2010-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி சாங்கே என்னும் ஊரில் எண்ணெய் லாரி ஒன்று கவிழ்ந்தது. சிந்தின எண்ணெயை அள்ள ஏழைகள் ஓடினார்கள். அது தீப்பற்றி 230 பேருக்கு மேல் மாண்டார்கள்.

2024-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, கீவு ஏரியில், கோமா பட்டணத்துக் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு படகு கவிழ்ந்தது. அதில் 278 பேர் ஏறியிருந்ததாகவும், 78 பேர் இறந்ததாகவும் மாகாண ஆளுநர் அறிவித்தார்.

"ஏன் ஏறினார்கள்? புத்தியில்லையா?" என்று கேட்பது எளிது. சண்டையினால் சாலை அடைபட்டிருந்தது. சந்தைக்குப் போகாவிட்டால் பிள்ளைகளுக்குக் கஞ்சியில்லை. வேறு வழியற்றவன்மேல் குற்றம் சுமத்தலாமா? கொள்ளாத படகில் கூலிக்காக இன்னும் ஒருவன், இன்னும் ஒருவன் என்று ஏற்றுகிறவனும், காசு வாங்கிக்கொண்டு கண்டும் காணாதவன்போல் இருக்கிறவனுமே சர்வேசுரனுக்குக் கணக்குச் சொல்லவேண்டும். ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மாத்திரம் அல்ல.

அப்படிக் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன் என்ற ஒரு வாலிபர் அதே கோமா பட்டணத்தில் இருந்தார். புளோரிபெர்ட் ப்வானா சூயி என்பது அவர் பெயர். எல்லையில் சரக்குகளைச் சோதிக்கும் உத்தியோகம். கெட்டுப்போன உணவுப்பொருளை ஊருக்குள் விடும்படி லஞ்சம் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். ஏழைகள் அதைத் தின்று சாகக்கூடாதென்று அவர் மறுத்துவிட்டார். 2007-ம் வருஷம் ஜூலையில் அவரைக் கொன்றார்கள். அப்போது வயது 26. 2025-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி ரோமாபுரியில், அர்ச். சின்னப்பர் பேராலயத்திலேயே, அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.

பிரியமானவர்களே, நம்மில் வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு, வண்டிக்குச் சொந்தக்காரர் உண்டு, கையெழுத்திடும் உத்தியோகஸ்தரும் உண்டு. ஏற்றுகிற ஒவ்வொரு ஆளும் சேசுநாதருடைய திரு இரத்தத்தால் மீட்கப்பட்ட ஆத்துமம் என்று நினைத்து ஏற்றுங்கள். அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை செய்யும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் வீட்டு ஜெபமாலையில் ஒரு பத்து மணியை காங்கோ நாட்டின் ஏழைப் பிரயாணிகளுக்காகவும், தண்ணீரில் மாண்டவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காகவும் ஒப்புக்கொடுங்கள். சமுத்திர நட்சத்திரமாகிய தேவமாதா அவர்களையும் நம்மையும் கரைசேர்ப்பார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு