விலகி வாழ்தல் அறமாகுமா?

தான் உண்ணும் சோற்றை விளைவித்தவர் யார், தான் பருகும் நீர் எங்கிருந்து வருகின்றது, தன் அறையில் எரியும் விளக்குக்கு வேண்டிய ஆற்றலை எவர் உழைப்பு உண்டாக்கிற்று என்பவற்றை அறியாமலே மனிதன் வாழக்கூடிய நிலை வரலாற்றில் அண்மைக்காலத்தில் தோன்றியதாகும். ஆலையும் நகரும் பெருகிய பின்னரே இவ்வறியாமை பெருந்தொகையான மக்களுக்கு இயல்பாயிற்று. அந்நிலை தோன்றிய காலந்தொட்டே அதனை மறுத்து ஒதுங்கியோரும் இருந்துவந்துள்ளனர். கைவிடப்பட்ட பழைய பண்ணையொன்றை வாங்கி, சிதைந்தவற்றைச் செப்பனிட்டு, கிணற்று நீரையும் விறகையும், இக்காலத்திலாயின் சூரிய ஒளியையும் நம்பி, பொது மின்வழங்கலோடு தொடர்பின்றி வாழ்வோர் அம்மரபினரே. அவர்களைச் சிலர் வியந்து போற்றுவர். வேறு சிலர் எள்ளி நகையாடுவர். வியப்பையும் எள்ளலையும் விடுத்து எழுப்பப்படவேண்டிய வினா ஒன்றுண்டு. அவ்வாழ்வு ஒருவரது விருப்பம் மட்டுமா, அன்றி அறமும் ஆகுமா?

இவ்வினாவை வெறுங் கருத்தளவில் ஆராய்வதினும் வாழ்ந்து காட்டப்பட்ட ஒரு வாழ்க்கையை முன்வைத்து ஆராய்வதே பயனுடைத்து. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஸ்கொற் நியரிங் (1883 - 1983) பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். சிறுவரை ஆலைகளில் வேலைக்கமர்த்துவதை வெளிப்படையாகக் கண்டித்துவந்த அவர் 1915 இல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். முதலாம் உலகப் போரை எதிர்த்து எழுதியமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1919 இல் விடுதலையானார். பல்கலைக்கழகக் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. பெரும் பொருளாதார வீழ்ச்சி நாட்டை வருத்திய 1932 இல், அவரும் பின்னர் அவர் மனைவியான ஹெலனும் வேர்மொன்ற் மாநில மலைப்பகுதியில் நலிவுற்ற பண்ணையொன்றை வாங்கிக் குடியேறினர். மரத்தாலான பழைய கட்டிடங்கள் சிதைந்திருந்தமையால், நிலத்திற் கிடந்த கற்களைத் திரட்டித் தம் கைகளாலேயே புதிய மனைகளை எழுப்பினர். புலாலை விலக்கி, உணவிற் பெரும்பகுதியைத் தாமே விளைவித்தனர். மேப்பிள் மரத்தின் இனிய சாற்றைக் காய்ச்சி விற்றுப் பணத்தேவையை நிறைவு செய்தனர். ஆண்டுக்கு வேண்டிய பொருள் கிடைத்ததும் ஈட்டலை நிறுத்திக்கொள்வதென்பது அவர்களுடைய நியதி. நாளில் நான்கு மணி நேரம் உணவுக்கான உடலுழைப்பு, நான்கு மணி நேரம் கல்வியும் கலையும், நான்கு மணி நேரம் சமூகத்தோடு கூடிய செயல் என அவர்கள் பொழுதைப் பகுத்துக்கொண்டனர். 1952 இல் மெயின் மாநிலக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்து அங்கும் அவ்வாறே வாழ்ந்தனர். 1954 இல் வெளியான அவர்களுடைய நூல், அடுத்த தலைமுறை இளைஞர் பலரை நிலத்தை நோக்கித் திருப்பிற்று.

இத்தகைய வாழ்வுக்குச் சார்பாக மூன்று நியாயங்கள் பொதுவாகக் கூறப்படுகின்றன. அது பிறரைச் சாராத சுதந்திர வாழ்வு என்பது முதலாவது. பிறர் உழைப்பைச் சுரண்டாத வாழ்வு என்பது இரண்டாவது. கேடுற்ற சமூகத்திற்குத் தக்க மறுமொழி என்பது மூன்றாவது. இவை தனித்தனியே ஆராயற்பாலன.

தற்சார்பு என்ற முதலாவது நியாயம் அதனைக் கூறுவோர் எண்ணுமளவுக்கு வலிமையுடையதன்று. வோல்டன் குளக்கரையில் 1845 தொடக்கம் 1847 வரை தனித்து வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோவை இவ்வழியின் முன்னோடி என்பர். அவர் குடிலமைத்த நிலம் நண்பர் எமேர்சனுக்குரியது. மரந்தறித்த கோடரி இரவல் வாங்கப்பட்டது. பலகைகள், புகையிரதப் பாதையில் வேலைசெய்த ஐரிசுத் தொழிலாளி ஒருவரின் குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்தெடுக்கப்பட்டவை. குடிலுக்கான செலவு 28 டொலர் 12½ சதம் எனக் கணக்கெழுதிய தோரோ இவற்றை மறைக்கவுமில்லை. நியரிங் இணையரும் சீமெந்தையும் கண்ணாடியையும் உழுகருவிகளையும் சந்தையிலிருந்தே பெற்றனர். மரபுரிமையாக வந்த பணமும் அவர்களுக்குத் துணையாயிற்று என்பதைப் பின்னாளில் வெளியான எழுத்துகள் எடுத்துக்காட்டின. இன்று மின்வழங்கலிலிருந்து விலகுவோர் கூரையில் அமைக்கும் சூரியத் தகடுகளிற் பெரும்பகுதி சீன ஆலைகளில் உருவாகின்றது. மின்கலத்துக்கான லிதியம் அவுஸ்திரேலியச் சுரங்கங்களிலிருந்தும் சிலியின் உப்புப் பாலைகளிலிருந்தும் வருகின்றது. கம்பியை அறுத்துக்கொள்வதால் மனித உழைப்பின் தொடர்பு அறுவதில்லை. அது நீண்டு, கண்ணுக்குப் புலனாகாத தொலைவுக்குச் செல்கின்றது.

நிலமும் இவ்வாறே. வேர்மொன்ற் மலைகளிற் கைவிடப்பட்ட பண்ணைகள் வெறுமனே தோன்றியவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்மறி வளர்ப்புக்கெனக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. கம்பளி விலை வீழ்ந்ததும், மேற்கே வளமிக்க நிலங்கள் திறக்கப்பட்டதும், மலையில் வாழ்ந்தோர் வெளியேறினர். அவர்களுக்கு முன்னரோ அந்நிலம் அபெனாக்கிப் பழங்குடியினரின் வாழிடமாக இருந்தது. பாழடைந்த பண்ணையைப் புதுப்பிப்பவன் முன்னோர் அடுக்கிய கல்வேலியையும் அகழ்ந்த கிணற்றையும் திருத்திய வயலையும் விலையின்றிப் பெறுகின்றான். இழப்பினால் ஒருவர் விட்டுச்சென்ற இடத்திலேயே மற்றொருவர் விருப்பினாற் குடிபுகுகின்றார். எனவே புதுப்பித்தல் என்பது கடன்படுதலுமாகும்.

ஆயின் இதனால் முதலாவது நியாயம் முற்றாக வீழ்ந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறு. சார்பின்மை கிட்டாதாயினும் சார்பைப் பற்றிய அறிவு கிட்டுகின்றது. நீரிறைப்பவனுக்கு நீரின் எடை தெரியும். விறகு பிளந்தவன் தீயை வீணே எரியவிடான். தான் எவற்றுக்கு எவரிடம் கடமைப்பட்டவன் என்பதை அறிந்தவனாலேயே கடமையைச் செய்யவும் இயலும். அவ்வகையில் இவ்வாழ்வு சுதந்திரத்தை அளிக்காவிடினும், அறத்தின் முற்படியாகிய அறிவை அளிக்கக்கூடியது.

இனி இரண்டாவது நியாயம். தன் உணவுக்கான உழைப்பில் ஒரு பகுதியையேனும் தன் உடலால் ஒவ்வொருவரும் ஆற்றவேண்டும் என்ற கோட்பாட்டை வகுத்தவர் தீமொபே பொந்தரேவ் என்ற உருசியக் குடியானவர். ரோல்ஸ்ரோய் அதனை உலகறியச் செய்தார். காந்தியடிகள் அதனைத் தம் வாழ்வொழுங்காக ஏற்றார். நியரிங்கும் அச்சொல்லையே ஆண்டார். பிறர் முதுகில் ஏறியிருந்துகொண்டு அவர்மீது இரக்கங்கொள்வதிற் பொருளில்லை, முதலில் இறங்கவேண்டும் என்பதே இக்கோட்பாட்டின் உட்கிடை.

இதற்கெதிராக ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் வகுத்த அளவுகோலை எடுத்துக்காட்டலாம். எல்லோரும் பின்பற்றத்தக்க பொதுவிதியாக ஒருவன் விரும்பக்கூடிய நெறியே அறநெறி என்பது அவர் கொள்கை. எல்லோரும் பண்ணைக்குச் செல்ல இயலுமா? உலகிலுள்ள பயிர்செய் நிலம் ஏறத்தாழ 140 கோடி ஹெக்டேயர். 2022 இல் உலக மக்கள்தொகை 800 கோடியைக் கடந்தது. சமமாகப் பங்கிடின் ஒருவருக்கு அரை ஏக்கரும் வாராது. பல ஏக்கர் வயலும் விறகுக்குக் காடும் கொண்ட தனிப்பண்ணை மனித குலம் முழுமைக்கும் பொதுவிதியாக முடியாது. ஆயினும் பொதுவிதியாக வேண்டியது பண்ணையன்று, அதன் உள்ளுறையான நெறியே என்று மறுமொழி கூறலாம். தேவைக்கு மிஞ்சி ஈட்டாமை, வாழ்வுக்கு இன்றியமையாத வேலையை இழிவென ஒதுக்காமை, அதனைப் பிறர் தலையிற் சுமத்தாமை ஆகியவை அடுக்குமாடி வீட்டில் வாழ்பவனுக்கும் இயல்பவை. போதுமென்ற எல்லையை முன்கூட்டியே வகுத்து அங்கு நின்றுகொண்ட நியரிங்கின் செயலே அவருடைய கல்வீட்டினும் பின்பற்றத்தக்கது.

இங்கு மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. நியரிங் இணையர் மலைக்குச் சென்ற காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளிற் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரமே இருக்கவில்லை. அயற்பண்ணைகளிற் பெண்கள் நீர் சுமந்ததும் மண்ணெண்ணெய் விளக்கொளியில் துணி தைத்ததும் கோட்பாட்டுக்காக அன்று. 1935 இல் கிராமிய மின்வழங்கலுக்கென அரசு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டபோது அவர்கள் அதனை வரவேற்றனர். நகர் நீங்கியோர் துறந்துவந்த ஒன்றையே அயலார் ஏங்கி எதிர்பார்த்திருந்தனர்.

ஈழத்தின் வடபுலத்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்வழங்கல் துண்டிக்கப்பட்ட பின்னர் ஆண்டுகள் பல மக்கள் இருளில் வாழ்ந்தனர். மண்ணெண்ணெயும் மின்கலமும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்ட அந்நாட்களில் சிறு போத்தல் விளக்கின் ஒளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர்; சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவர்களுடைய திறமையும் பொறுமையும் போற்றற்குரியன. ஆனால் அந்த இருளை எளிமை எனப் போற்றுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. துறத்தலுக்கும் பறிக்கப்படுதலுக்கும் இடையே உள்ள வேறுபாடு விளக்கின் அளவில் இல்லை. அதனை ஏற்றவும் அணைக்கவும் உள்ள உரிமையில் இருக்கின்றது. விரும்பியபோது நகருக்குத் திரும்பக்கூடியவன் தன் எளிமையை வறியோர்க்கு உபதேசமாக்குவானாயின், அவன் வாழ்வில் அறம் இருப்பினும் வாக்கில் அறம் இல்லை.

மூன்றாவது நியாயம் சமூகக் கடமை பற்றியது. சமூகம் கேடுற்றபோது அதனின்று விலகுதல் எதிர்ப்பா, தப்பியோட்டமா? திருக்குறளில் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் உண்டு. அஃது இல்லறவியலில் அமைந்துள்ளமை கருதத்தக்கது. ஊரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்தலை இல்வாழ்வின் அறமெனக் கொண்ட மரபு, ஊரை ஒதுக்கிய தற்சார்பை எளிதில் அறமென ஏற்காது. நியரிங் இணையர் தம் வேர்மொன்ற் வாழ்வின் குறையாகத் தாமே ஒப்புக்கொண்டதும் இதுவே. வீடமைப்பிலும் பயிரிலும் வெற்றிகண்ட அவர்களால் அயலாரோடு கூட்டுறவான சமூகமொன்றைக் கட்டியெழுப்ப முடியவில்லை. கல்லோடு கல்லைப் பொருத்துதலினும் மனிதரோடு மனிதரைப் பொருத்துதல் அரிது.

விலகல் எதிர்ப்பாவதற்கும் சான்றுகள் உள. தோரோ குடிலில் வாழ்ந்த காலத்திலேயே, 1846 இல், அடிமை முறையைக் காத்த அரசுக்கு வரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையிருந்தார். இதனினும் சிறந்த சான்று தென்னாபிரிக்காவில் உள்ளது. 1910 இல் ஜொகனஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், ஹேர்மன் கலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் ரோல்ஸ்ரோய் பண்ணையை நிறுவினார். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்களும் இரு கிணறுகளும் ஓர் ஊற்றும் சிறு வீடொன்றும் அங்கு முன்னரே இருந்தன. சத்தியாக்கிரகத்திற் சிறை சென்றோரின் குடும்பங்களைக் காப்பதற்காகவே அப்பண்ணை எழுந்தது. அங்கு வாழ்ந்தோருள் தமிழர் பலர். பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் தாமறிந்தவளவில் தமிழும் கற்பித்தார். வேலையாளர் வைத்துக்கொள்ளப்படவில்லை, சமையல் முதல் துப்புரவு வரை யாவும் பண்ணையினராலேயே செய்யப்பட்டன. சொந்த அலுவலாக நகர் செல்வோர் நடந்தே சென்று மீண்டனர். அவர்கள் நகரை விட்டு விலகியது நகரிலே நிகழ்ந்த அநீதியோடு போராடும் வலிமையைப் பெறுதற்கே. குறைந்த செலவில் வாழக் கற்ற குடும்பத்தைச் சிறையைக் காட்டிப் பணியவைத்தல் இயலாது.

இச்சான்றுகளை ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். விலகி வாழ்தல் தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. அவ்வாறு வாழ்பவன் தன் சுமையை எவர் தாங்குகின்றார் என்பதை அறிந்துள்ளானா, அச்சுமையில் தன் பங்கைத் தானே ஏற்கின்றானா, மிச்சப்பட்ட பொழுதும் வலிமையும் எவருக்குப் பயன்படுகின்றன என்பவற்றைக் கொண்டே அது மதிப்பிடப்படவேண்டும். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையாயின் அவ்வாழ்வு குற்றமற்றது, ஆனால் குறைவுடையது. மூன்றும் ஒருங்கே அமையின், அவ்வாழ்வு மலையடிவாரத்திலாயினும் நகர வீதியிலாயினும் அறமேயாகும். பழைய பண்ணையொன்றைச் செப்பனிடுவோன் கிணற்றைத் தூர்வாரி, கூரையை வேய்ந்து, வேலியின் கற்களை மீண்டும் அடுக்குகின்றான். அவ்வேலியில் அவன் வாயில் ஒன்று விடுகின்றானா என்பதை அயலார் கவனித்திருப்பர். அவர்கள் அவ்வாறு கவனிப்பது நியாயமே.