அமீபாவுக்கு இச்சை உண்டா?

தானே நகர்வதும் தனக்கு வேண்டியதை நாடுவதும் உயிருக்கு அடையாளம் என்பது பழைய கணிப்பு. இரண்டையும் ஒரே செல்லில் காட்டுவது அமீபா. அதற்கு மூளை இல்லை, நரம்பு இல்லை, வாயும் காலும் இல்லை. ஆனாலும் இரை இருக்கும் பக்கம் ஊர்கிறது. சுற்றியுள்ள திரவத்தை மடக்கி விழுங்குகிறது. இச்செயல்களை ஆளும் மரபணுக்கள் பல இன்று அடையாளம் காணப்பட்டுவிட்டன. நாட்டம் இருந்தால் நாடுபவர் ஒருவரும் இருந்தாக வேண்டுமா என்ற பழைய கேள்வி இதனால் கூர்மை பெறுகிறது.

தமிழ் மரபு இக்கேள்விக்கு மூன்று விதமாக விடை சொல்லியிருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. சமணமும் ஒரு புலன் முதல் ஐம்புலன் வரை உயிர்களைப் பகுக்கிறது. தொடுபுலன் மட்டுமே உள்ள உயிருக்கும் உணவு நாட்டம் உண்டு என்கிறது. சைவ சித்தாந்தம் இச்சை, ஞானம், கிரியை ஆகிய மூன்று ஆற்றல்களும் உயிருக்கே உரியவை என்றும், ஆணவத்தால் மறைந்திருக்கும் அவை உடலும் கருவிகளும் வாய்க்கும் அளவுக்கே விளங்கும் என்றும் கூறுகிறது. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் பூதவாதி. பூவும் வெல்லமும் சேர்ந்து ஊறும்போது கள்ளில் மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்பது அவன் வாதம். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் இந்த வாதம் இடம்பெறுகிறது.

இந்த விடைகளை உரசிப் பார்க்க ஏற்ற உயிரி டிக்டியோஸ்டீலியம் என்னும் மண் அமீபா. மண்ணிலும் மக்கிய இலைகளிலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது. இரை தீர்ந்துபோனால் ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றுகூடி, ஒரு தண்டும் அதன் உச்சியில் வித்துகளும் கொண்ட ஓர் உருவாகின்றன. தண்டாகும் செல்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, இறந்துவிடுகின்றன. நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டின் மண்ணிலிருந்தும் விலங்குச் சாணத்திலிருந்தும் இவ்வகை அமீபாக்களைச் சேகரித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையா குழுவினர் ஆராய்ந்தனர். ஒரே கூட்டத்தில் மரபணுவால் வேறுபட்ட செல்கள் கலந்திருப்பதை 2010இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. அமீபாவின் தியாகத்தைப் பற்றிய கேள்வியும் இங்கேதான் எழுகிறது. ஆனால் தியாகத்துக்கு முன்பே நடையும் குடியும் விளங்க வேண்டும்.

ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் இனம் டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம். அதன் மரபணுத் தொகுதி 2005இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. ஆறு குரோமோசோம்களில் ஏறத்தாழ 12,500 மரபணுக்கள் உள்ளன. நடைக்கு அடிப்படை ஆக்டின் என்னும் புரத இழை. செல்லின் முன்புறத்தில் ஆக்டின் இழைகள் வளர்ந்து சவ்வைத் தள்ள, போலிக்கால் நீள்கிறது. பின்புறத்தில் மையோசின் சுருங்கி உடலை இழுத்துக்கொள்கிறது. இழைகள் எங்கே வளர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் ஸ்கார் என்னும் புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. மையோசின் மரபணுவைச் சிதைத்த அமீபாக்களும் ஊர்ந்ததை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். அவற்றின் வேகம் குறைந்திருந்தது. திரவத்தில் மிதக்கவிட்டபோது அவற்றால் இரண்டாகப் பிரிய முடியவில்லை. நடை ஒரு மரபணுவின் சொத்து அல்ல, பல புரதங்களின் கூட்டு வேலை என்பது இதனால் தெளிவாகிறது.

குடிப்பதும் அதே ஆக்டினால்தான். சவ்வின் உட்புறத்தில் ராஸ் என்னும் புரதம் ஒரு திட்டில் முடுக்கம் பெறுகிறது. அத்திட்டில் பிஐபி3 என்னும் கொழுப்பு மூலக்கூறு திரள்கிறது. திட்டின் விளிம்பைச் சுற்றி ஸ்கார் வளையமாகச் சேர, ஆக்டின் அங்கே சுவர்போல் எழும்புகிறது. கிண்ணம் உருவாகி வாய் மூடும்போது, உள்ளே சிக்கிய திரவம் செல்லுக்குள் போய்விடுகிறது. காட்டில் வாழும் அமீபா இப்படி அதிகம் குடிப்பதில்லை. ஆய்வகத்தில் ஊட்டத் திரவத்தை மட்டுமே குடித்து வளரும் வகைகளோ மிகுதியாகக் குடிக்கின்றன. அதற்கு முக்கியக் காரணத்தை 2015இல் கேம்பிரிட்ஜின் ராபர்ட் கே குழுவினர் கண்டறிந்தனர். அவ்வகைகளில் என்எஃப்1 என்னும் மரபணு பழுதுபட்டிருந்தது. ராஸை அணைப்பது அம்மரபணு தரும் புரதத்தின் வேலை. அது இல்லாதபோது திட்டுகள் பெரிதாகி, கிண்ணங்களும் பெரிதாகின்றன. மனிதரில் இதே மரபணு பழுதானால் நரம்புக் கட்டிகள் தோன்றும் நோய் வருகிறது. இங்கே மரபணு கட்டளை இடுவதில்லை, கடிவாளம் பிடிக்கிறது. கடிவாளம் அறுந்ததும் மிகுகுடி வருகிறது.

நடைக்கும் குடிக்கும் கருவி ஒன்றே என்பதால் இரண்டும் போட்டியிடுகின்றன. பாக்டீரியா வெளிவிடும் ஃபோலிக் அமிலத்தைத் தேடி அமீபா ஊர்வதுண்டு. மிகுதியாகக் குடிக்கும் ஆய்வக வகைகள் இத்தேடலில் தடுமாறுகின்றன. காட்டு வகைகள் திசை தவறாமல் செல்கின்றன. பிஐபி3ஐ உருவாக்கும் நொதிகளின் மரபணுக்களை நீக்கியபோது, ஆய்வக வகைகளும் திசை பிடித்து ஊர்ந்ததை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘குடிக்கலாமா, போகலாமா’ என்று அமீபா எண்ணி முடிவெடுப்பதுபோல் தோன்றுவது, ஒரே கையிருப்புக்காக இரண்டு வேலைகள் போட்டியிடுவதன் விளைவு.

இதைக் கொண்டு மூன்று விடைகளையும் அளந்து பார்க்கலாம். புலன்களை எண்ணும் முறை அமீபாவிடம் தடுமாறுகிறது. கரைந்த வேதிப்பொருளை அது உணர்வது சுவையா, மணமா என்று பிரிக்க வழியில்லை. கூட்டமாகச் சேர்ந்து நத்தைபோல் ஊரும் நிலையில் அது ஒளியை நோக்கியும் செல்கிறது. கண் என்ற உறுப்பு இல்லை. ஆயினும் அறிவைப் படிப்படியாக வைத்த மரபின் உள்ளுணர்வு சரியானது. ஏதும் அறியாத பொருளுக்கும் எல்லாம் எண்ணும் மனத்துக்கும் நடுவே பல படிகள் இருப்பதற்கு அமீபா சான்று.

பூதவாதி பாதி வெல்கிறான், பாதி தோற்கிறான். நாட்டத்தைப் பொருள்களின் இயக்கமாகவே விளக்க முடிவது அவனுக்குச் சாதகம். ஆனால் கலவை உவமை பொருந்தாது. என்எஃப்1 பழுதான அமீபாவிலும் ஆக்டினும் ராஸும் பிஐபி3உம் குறைவின்றி இருக்கின்றன. மாறியது அவற்றை அடக்கும் ஒழுங்கு. உயிரின் நடத்தை அந்த ஒழுங்கில் இருக்கிறது.

சித்தாந்தி வேறொரு மறுமொழி தரக்கூடும்: மரபணு கருவிதான், கருவி பழுதானால் அதன்வழி விளங்கும் இச்சையும் மாறும் என்று. எந்த மரபணுவை நீக்கினாலும் இந்த விடை அப்படியே நிற்கும். அதனால்தான் ஆய்வகத்தால் இதை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. அது மெய்ப்பொருள் ஆராய்ச்சியின் எல்லைக்குள் அடங்குவது.

மரபணு ஆய்வு ஆன்மா இல்லை என்று காட்டவில்லை. இலக்கு நோக்கிய அசைவு ஒன்றே இச்சைக்குச் சான்று என்ற வாதத்தை மட்டும் அது வீழ்த்தியிருக்கிறது. அமீபாவுக்கு உயிர் உண்டு, புற உலகைப் பிரித்தறியும் திறனும் உண்டு. இச்சை உண்டு என்பவர், அதன் நடையையும் குடியையும் தவிர வேறு சான்று காட்ட வேண்டும்.