ஏழு புளியங்கொட்டை

மாசி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். அத்தை கூடத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள், ஐந்தரை வயது. ஏழு கொட்டைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். அதற்கு நேர் கீழே இன்னொரு ஏழு. ரெண்டும் ஒண்ணா என்று கேட்டேன். ஒண்ணுதான் என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்வரிசையைத் தள்ளித் தள்ளி நீளமாக்கினேன்.

“இப்ப எதுல ஜாஸ்தி?”

“கீழ.”

எண்ணச் சொன்னேன். மேலே ஏழு, கீழேயும் ஏழு என்று சரியாக எண்ணினாள். அப்புறமும் விடவில்லை. “கீழதாம்மா ஜாஸ்தி” என்றாள், எனக்குப் புரியவில்லையே என்ற இரக்கத்தோடு.

தை மாதம் வரை இவள் யூகேஜி போய்க்கொண்டிருந்தாள். ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை பார்க்காமல் எழுதுவாள். அதுதான் வீட்டுப்பாடம். ஒரு ராத்திரி நானூற்றுச் சொச்சத்தில் கை வலிக்கிறது என்று அழுதவளை, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லி எழுத வைத்தேன். பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நடந்த பேச்சும் சண்டையும் பெரிய கதை. இப்போது அவள் வீட்டில்தான் படிக்கிறாள்.

ஐந்நூறு வரை எழுதத் தெரிந்தவளுக்கு ஏழு என்பது எப்படிப் பரப்பினாலும் ஏழுதான் என்று இன்னும் பிடிபடவில்லை. இந்தச் சோதனை என் கண்டுபிடிப்பு இல்லை. சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற உளவியலாளர் பல பிள்ளைகளிடம் செய்து பார்த்தது. ஆறேழு வயதுவாக்கில் அது தானாகப் பிடிபடும் என்றார் அவர். சொல்லிக்கொடுத்து வரவழைக்கிற விஷயமில்லை என்பது அவர் கட்சி.

அது தெரிந்தும் நான் செய்த காரியம், எந்தக் கணக்குப் பாடத்திட்டத்தை வாங்கலாம் என்று மூன்று வாரம் தேடியதுதான். பொருளில் தொடங்கி, படத்துக்கு வந்து, கடைசியில் எண்ணுக்குப் போகும் சிங்கப்பூர் முறை. தெருமுனையில் அபாகஸ் வகுப்பு. மாண்டிசோரி மணிகள்: ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். அந்த ஆயிரத்தைக் கையில் தூக்கினால் கனம் தெரியும். அழகான சாமான். அதை வகுத்த மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர். உலகப் போரில் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கி, கொடைக்கானலிலும் இருந்தார். முழுத் தொகுப்பின் விலை எங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டியது.

தேடத் தேட ஒன்று தெரிந்தது. சில முறைகள் யாரோ ஒருவர் தன் எதிரே இருந்த பிள்ளையைக் கவனித்ததில் பிறந்திருக்கின்றன. மாண்டிசோரி ரோமில் ஒரு ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைக் கவனித்தார். ஜப்பானில் டோரு குமோன் என்ற கணக்கு வாத்தியார் 1954இல் இரண்டாம் வகுப்புப் படித்த தன் மகனுக்காகத் தினம் கைப்பட ஒரு தாள் எழுதினார். அந்தத் தாள்தான் இன்று பல நாடுகளில் காசு கட்டிச் சேரும் வகுப்பு. குமோனின் மகனுக்கு அது பொருந்தியதில் ஆச்சரியமில்லை.

லூயிஸ் பெனெசெட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில் பள்ளிகளின் மேற்பார்வையாளர். 1929இல் தொடங்கி, சில வகுப்புகளில் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை முறையான கணக்குப் பாடத்தையே எடுத்துவிட்டார். நேரம் பார்க்கலாம், காசு எண்ணலாம், நீளத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம், நிறையப் பேசலாம். ஆறாவதில்தான் கணக்கு. அந்த ஒரு வருடத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்களாம். இதற்கு அவர் பொறுக்கியது வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளை. அந்தப் பெற்றோர் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பதால். அந்த இடம் எனக்கு உறுத்தியது. படித்த பெற்றோர் யாரும் அவ்வளவு காலம் பொறுத்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நானும் பொறுக்க மாட்டேன்.

பத்தாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள் நான். இன்றைக்கும் ஏழெட்டு எவ்வளவு என்று யாராவது சட்டென்று கேட்டால் நெஞ்சு ஒரு நொடி நின்றுவிடும். நான் தேடிக்கொண்டிருந்த புத்தகம் எனக்குத்தான். என் கணவர் வேறு மாதிரிச் சொன்னார்: “எதை வாங்கினாலும் அவ படிச்சிருவா. நீ தாங்குவியா?”

கடைசியில் எதையும் வாங்கவில்லை. என்சிஇஆர்டி 2023இல் வெளியிட்ட ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து வந்தேன். முதல் பாடத்தில் எண்ணே கிடையாது. ஒரு பூனையைத் தேடுகிறார்கள், உள்ளே வெளியே, மேலே கீழே என்று. நல்ல புத்தகம்தான். ஆனால் நான் எடுத்ததற்குக் காரணம் அது இல்லை. ஆயிரக்கணக்கில் காசு போட்டு வாங்கியிருந்தால் ஒரு பக்கம் விடாமல் அவளைப் பிழிந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். ஜெராக்ஸ் தாளென்றால் இன்றைக்கு வேண்டாம் என்று அவள் சொல்லும்போது மூடி வைக்க மனசு வருகிறது. காலையில் கால் மணி நேரம், அவ்வளவுதான்.

மிச்சக் கணக்கு அத்தையிடம். பதினாலு குழிப் பல்லாங்குழி, குழிக்கு ஐந்து கொட்டை. ஆடும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. இப்போதெல்லாம் அவள் எண்ணுவதில்லை, பார்த்த கணமே “பசு!” என்று கத்தி அள்ளிக்கொள்கிறாள். பள்ளியில் ‘லெவன், டுவெல்வ்’ என்று சொன்னவள் இங்கே அத்தையோடு சேர்ந்து தமிழில் எண்ணுகிறாள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது; தனியாக விளக்க வேண்டியதில்லை.

போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். “அம்மா, நூறு இன்னும் வரவே இல்ல. தொண்ணூறுல ஏன் அதுக்குள்ள நூறு வருது?”

நாற்பது வருடமாகத் தொண்ணூறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. யோசித்தால் தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. ஒன்பதில் பத்தின் ‘பது’. ஒன்பதாம் இடத்துக்கு வந்தாலே தமிழ் அடுத்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை; அன்று முழுக்கத் தொள்ளாயிரம், தொள்ளாயிரம் என்று பாடிக்கொண்டே திரிந்தாள்.

நேற்று மறுபடி ஏழும் ஏழும் வைத்துப் பார்த்தேன். கீழ்வரிசையை நீளமாக்கினேன். கீழேதான் ஜாஸ்தி என்றாள். கொட்டைகளை டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.