தோல்வியைத் தேடிய ஆட்டம்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று, அது ஓர் ஒழுக்கப் பயிற்சி என்று ஆசிரியப் பெருமக்கள் காலங்காலமாக மாணவர்க்குச் சொல்லி வருகின்றனர். வெற்றிக்காக உண்மையாய் உழைக்க வேண்டும். தோற்றால் துவளாது எதிராளியின் கையைப் பற்றிக் குலுக்க வேண்டும். பள்ளித் திடலில் கற்பிக்கப்படும் அறம் பெரும்பாலும் இவ்விரண்டனுள் அடங்கிவிடும். ஆயின், தோற்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் உழைத்தால் அவனுக்கு என்ன சொல்வது? இவ்வினாவைப் பள்ளிப் பாடநூல்கள் எழுப்பவில்லை. தென்கிழக்காசியாவின் காற்பந்துத் திடல் ஒன்று எழுப்பியது.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள். மலேசியா தன் விடுதலையின் 41ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அதே நாளில் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் மோதின. 1996இல் சிங்கப்பூரில் தொடங்கிய தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துப் போட்டி அது. அந்நாளில் அதற்கு டைகர் கிண்ணம் என்று பெயர். இரு குழுக்களுக்கும் அரையிறுதியில் இடம் உறுதியாகிவிட்டது. எஞ்சியிருந்த கேள்வி ஒன்றே: பிரிவில் முதலிடம் யாருக்கு, இரண்டாமிடம் யாருக்கு?

முதலிடம் பெறுவது பெருமை எனப் பிறர் எண்ணலாம். அன்று அது சுமையாகத் தோன்றியது. மற்றைப் பிரிவில் சிங்கப்பூர் முதலிடத்தையும் போட்டியை நடத்திய வியட்நாம் இரண்டாமிடத்தையும் பெற்றிருந்தன. எனவே, இப்பிரிவில் முதலிடம் பெறும் குழு தலைநகர் ஹனோய்க்குச் சென்று, சொந்த மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே ஆடும் வியட்நாமைச் சந்திக்க வேண்டும். இரண்டாமிடம் பெறுவதோ இருந்த நகரிலேயே இருந்து சிங்கப்பூருடன் ஆடலாம். அன்றைய கணிப்பில் சிங்கப்பூரே எளிய எதிரி.

ஆட்டம் தொடங்கியது. இரு தரப்பிலும் ஊக்கம் இல்லை. பிற்பாதியில் இந்தோனேசியா இருமுறை முன்னணி பெற, தாய்லாந்து இருமுறை சமன் செய்தது. இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தால் முதலிடம் இந்தோனேசியாவுக்கு வந்துவிடும். ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தோனேசியத் தற்காப்பு வீரர் முர்ஷித் எஃபெண்டி, தம் சொந்தக் கோல் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைத்து உள்ளே செலுத்தினார். அதைத் தடுக்க முயன்றோர் தாய்லாந்தின் தாக்குதல் ஆட்டக்காரர்கள்! மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தாய்லாந்து வென்றது. வென்றவர் முகத்தில் மகிழ்ச்சி எவ்வாறு இருந்திருக்கும்?

இச்செயல் இழிவானது என்று உடனே தீர்ப்புரைப்பது எளிது. ஆனால், அறநூல் கற்போர் எதிர்வாதத்தையும் செவிமடுத்தல் வேண்டும். தன் கம்பத்துக்குள் பந்தைச் செலுத்துவதை ஆட்ட விதி எதுவும் தடை செய்யவில்லை. அவ்வாறு செலுத்தினால் எதிரணிக்கு ஒரு கோல் என்று மட்டுமே விதி கூறுகிறது. அந்த விலையை இந்தோனேசியா கொடுத்தது. கிண்ணத்தை வெல்வதே நோக்கமாயின், அந்நோக்கத்துக்கு உகந்த வழியைத் தேர்ந்தெடுப்பது மதிநுட்பம் அன்றோ? சதுரங்கத்தில் ஆட்டக்காரர் தம் காயைத் தாமே பலி கொடுப்பதில்லையா? போர்க்களத்தில் படைத்தலைவன் பின்வாங்குவதில்லையா? இவை புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல.

இதே வகையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. 1994 ஜனவரியில் கரீபியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பார்படோசும் கிரெனடாவும் மோதின. இரு கோல் வேறுபாட்டில் வென்றால்தான் பார்படோஸ் அடுத்த சுற்றுக்குச் செல்ல முடியும். கூடுதல் நேரத்தில் அடிக்கப்படும் வெற்றிக் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்று அப்போட்டியில் ஒரு விசித்திர விதி இருந்தது. இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் இருந்த பார்படோஸ், நேரம் முடியும் வேளையில் வேண்டுமென்றே தன் கம்பத்துக்குள் பந்தை அடித்து ஆட்டத்தைச் சமனாக்கியது. கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அங்கு ஒரு கோல் அடித்து, நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. பார்படோசுக்குத் தண்டனை இல்லை. இந்தோனேசியாவுக்கோ தண்டனை கிடைத்தது. செயல் ஒன்றே, தீர்ப்பு மட்டும் இரண்டாகியது ஏன்?

காலால் உதைத்த உதை ஒன்றாயினும் உள்ளம் ஒன்றன்று. பார்படோஸ் அன்றைய ஆட்டத்தை வெல்வதற்காகவே அந்தக் கோலை விட்டுக்கொடுத்தது. அது கோமாளித்தனமாகத் தோன்றியது உண்மை. அந்தத் தோற்றத்துக்குப் பொறுப்பு விதியை வகுத்தவர்களுடையது. எனினும், அதற்குப் பின்னும் போராட்டம் நீடித்தது. எதிரணியும் போராடியது. சதுரங்க ஆட்டக்காரர் காயைப் பலி கொடுப்பதும் இவ்வகையே: அவர் கொடுப்பது ஒரு காய், காக்க நினைப்பது ஆட்டம். ஹோ சி மின் நகரிலோ ஆட்டமே பலி கொடுக்கப்பட்டது. அடுத்த ஆட்டத்தின் ஆதாயத்துக்காக அன்றைய ஆட்டம் உயிரற்ற கூடாக்கப்பட்டது.

படைத்தலைவனின் உவமையும் பொருந்தாது. போரில் இரு தரப்பாருக்கும் இடையே உடன்பாடு இல்லை, இல்லாமையால்தான் போர். விளையாட்டோ உடன்பாட்டின் மீதே எழுந்த கட்டடம். இருபத்திரண்டு பேர் ஒரு கோட்டுக்குள் நின்று, 'நான் உன்னை வெல்ல முயல்வேன், நீ என்னை வெல்ல முயல்வாய்' என்று வாய்திறவாமல் செய்துகொள்ளும் ஒப்பந்தமே ஆட்டம். அந்த ஒப்பந்தம் எந்த விதிநூலிலும் அச்சிடப்படுவதில்லை. விதிகள் அனைத்தும் அதனை ஏற்றுக்கொண்ட பிறகே தொடங்குகின்றன. ஆகவே, 'விதியை மீறவில்லை' என்ற வாதம் இங்கு செல்லாது. விதிக்கு அடிப்படையாய் நிற்பதைத் தகர்த்தவன், விதியின் நிழலில் ஒதுங்க இயலாது.

இந்த ஒப்பந்தத்துக்கு மூன்றாம் தரப்பும் உண்டு. கட்டணம் செலுத்தித் திடலுக்கு வந்த மக்கள், தொலைக்காட்சியின் முன் தம் நாட்டுக் கொடியை நினைந்து அமர்ந்தவர்கள், அந்தச் சட்டையை அணிவதையே வாழ்நாள் கனவாகக் கொண்ட சிறுவர்கள் ஆகியோர் அத்தரப்பினர். ஒரு நாட்டின் பெயரால் ஆடுபவன் தன் தோல்வியைத் தன் விருப்பப்படி விற்க உரிமையுடையவன் அல்லன். அந்தப் பெயர் அவனுக்கு இரவல் தரப்பட்டது.

இனி, குற்றம் யாருடையது? அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் இரு நாடுகளுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தது. முர்ஷித் எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. இந்தோனேசியக் காற்பந்துச் சங்கத் தலைவர் அஸ்வார் அனாஸ் பதவி விலகினார். ஆனால், இரு குழுக்களும் அரையிறுதியில் ஆட அனுமதிக்கப்பட்டன. தோல்வியால் வர வேண்டிய ஆதாயம் குழுவுக்கு வந்தது. வாழ்நாள் பழி ஒருவரின் தலையில் இறங்கியது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது முதுமொழி. தோல்வியை விரும்பியவர் ஒருவர் அல்லர் என்பது ஆட்டம் நடந்த விதத்திலேயே புலனாகிறது. தாய்லாந்து வீரர்களும் வெற்றியை விரும்பி ஆடவில்லை. எதிரணியின் கம்பத்தைக் காக்க ஓடியவர்களின் உள்ளமும், பந்தை உதைத்தவரின் உள்ளமும் ஒரே நிறத்தவை. உதைக்கும் வாய்ப்பு முதலில் ஒருவருக்குக் கிடைத்தது என்பதே வேறுபாடு. கூட்டாகச் செய்த பிழைக்கு ஒருவரைப் பொறுக்கி எடுத்துத் தண்டிப்பதால் ஏனையோரின் மனச்சான்று உறங்கிவிடும். அத்தண்டனை நீதியின் ஒரு பாதியே ஆகும்.

அதற்காக, உதைத்தவர் குற்றமற்றவர் எனல் ஆகாது. அம்புக்கு மனம் இல்லை, மனிதனுக்கு உண்டு. பிறர் விரும்பினர், சூழல் தூண்டியது, விதி இடங்கொடுத்தது என்பன எல்லாம் குற்றத்தின் எடையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாததாக்கா.

விதி வகுப்போர்க்கும் இதில் பங்கு உண்டு. 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தத்தமக்கு வசதியான முடிவு கிட்டியதும் பந்தை உருட்டிப் பொழுதைக் கழித்தன. அல்ஜீரியா வெளியேற நேர்ந்தது. அதன் பின்னர், பிரிவின் இறுதி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படலாயின. தோற்றவனுக்குப் பரிசளிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, தோற்க முயன்றவனை மட்டும் பழிப்பது பெருந்தன்மையாகாது. இருப்பினும், விதியைத் திருத்துவதால் மட்டும் மனம் திருந்துவதில்லை. 2014இல் இந்தோனேசிய உள்நாட்டுப் போட்டி ஒன்றில் பிஎஸ்எஸ் ஸ்லெமான், பிஎஸ்ஐஎஸ் செமாராங் ஆகிய இரு குழுக்களும் அரையிறுதியில் ஒரு குறிப்பிட்ட எதிரியைத் தவிர்ப்பதற்காக ஆடிய ஆட்டத்தில் ஐந்து கோல்கள் விழுந்தன. ஐந்தும் சொந்தக் கோல்கள்! இத்தகைய ஆட்டத்தை அந்நாட்டு மக்கள் 'யானைக் காற்பந்து' என்று எள்ளி நகையாடுகின்றனர்.

இது காற்பந்தோடு நின்றுவிடும் நோயன்று. மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1988 முதல் நடைபெற்று, 2021இல் நீக்கப்பட்ட யுபிஎஸ்ஆர் தேர்வை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பள்ளியின் மதிப்பைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கத் தொடங்கிய நாளில், எத்தனை பள்ளிகளை ஒரு சபலம் தீண்டியிருக்கும்! தேறுவான் எனக் கருதப்பட்ட மாணவனுக்கு மாலை வகுப்பு, இரவு வகுப்பு, ஊக்கமுகாம் எல்லாம் உண்டு. தேறான் எனக் கருதப்பட்டவனுக்கு வகுப்பின் கடைசி வரிசையும் ஒரு வண்ணந்தீட்டும் தாளும். அதில் எந்தச் சுற்றறிக்கையும் மீறப்படவில்லை. விழுக்காடும் உயர்ந்திருக்கும். ஆனால், அந்தப் பிள்ளையைப் பள்ளி வாயிலில் விட்டுச் சென்ற தாயோடு ஆசிரியர் வாய்திறவாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் என்னவாயிற்று? கிண்ணத்துக்காக ஓர் ஆட்டத்தைப் பலியிடுவதற்கும், விழுக்காட்டுக்காக ஒரு பிள்ளையைப் பலியிடுவதற்கும் தன்மையில் வேறுபாடில்லை; பின்னது கொடிது என்பதே வேறுபாடு.

ஹோ சி மின் நகர்க் கதையின் முடிவைப் பலர் ஆர்வத்தோடு எடுத்துரைப்பர். வியட்நாமைச் சந்திக்க நேர்ந்த தாய்லாந்து மூன்றுக்குச் சுழியம் என்று தோற்றது. எளிய எதிரி எனத் தேடிப் பெற்ற சிங்கப்பூரிடம் இந்தோனேசியா இரண்டுக்கு ஒன்று என வீழ்ந்தது. செப்டம்பர் 5ஆம் நாள் ஹனோயில் நடந்த இறுதியாட்டத்தில், ஆர். சசிகுமார் உடலில் பட்டுப் புகுந்த ஒரே கோலால் சிங்கப்பூர் வியட்நாமை வென்று கிண்ணத்தை முதன்முறையாக ஏந்தியது. எவரும் அஞ்சாத குழுவே எல்லாரையும் வென்றது.

கேட்பதற்கு இனிய முடிவுதான். ஆனால், அறத்தை இம்முடிவின் மீது நிறுத்துவது பிழை. இந்தோனேசியா வென்று கிண்ணத்தோடு ஜகார்த்தா திரும்பியிருந்தால் அச்செயல் நற்செயல் ஆகியிருக்குமா? ஆகாது. தீமை தோற்றதால் தீமை அன்று. வென்றிருந்தாலும் அது தீமையே. வள்ளுவர் வினைத்தூய்மைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தது, பயனைக் கொண்டு மட்டும் வினையை அளக்கும் பழக்கம் எக்காலத்தும் மனிதரிடம் உண்டு என்பதை அறிந்தமையால்தான்.

பயனே அளவுகோல் என்போர், 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த ஆட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆர். ஆறுமுகம் கோல் காக்க, ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடிக்க, மலேசியா தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்றது. பிறகு, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கையே புறக்கணித்தது. வென்றவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. பயன் என்று பார்த்தால் அவ்வெற்றி வெறுங்கை. எனினும், அந்த மாலையை மலேசியர் நெஞ்சாரப் போற்றுகின்றனர். பயனற்ற அவ்வெற்றியைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பயன் கருதிய அத்தோல்வியை யார் யாருக்குச் சொல்வர்?

தோல்வி இழிவன்று என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். வென்ற வேந்தனின் முகத்துக்கு நேரே, தோற்ற அவனே நல்லவன் என்று உரைத்தார் வெண்ணிக் குயத்தியார். தோற்றவன் அப்புகழைப் பெற்றது, முழு ஆற்றலோடும் நின்று தோற்றமையால் அன்றோ? முயன்று அடையும் தோல்வியில் மானம் உண்டு. திட்டமிட்டு அடையும் தோல்வியில் அந்த மானமும் இல்லை. அது எதிராளியிடமிருந்து அவனது வெற்றியையும் களவாடிவிடுகிறது.

பள்ளி இல்ல விளையாட்டுப் போட்டியில், தகுதிச் சுற்றில் மெதுவாக ஓடினால் இறுதியில் எளிய எதிரிகள் கிடைப்பர் என்று ஒரு சிறுவன் கணக்கிடக்கூடும். இல்லத்துக்குப் புள்ளி கிடைக்கும் என்று ஆசிரியரும் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடலாம். அந்த இடத்தில்தான் ஹோ சி மின் நகரின் கோல் விழத் தொடங்குகிறது. அச்சிறுவனை அருகழைத்து, 'பக்கத்துப் பாதையில் ஓடுகிறவன் உன்னை நம்பி ஓடுகிறான்' என்று சொல்ல ஓர் ஆசிரியர் அங்கே இருத்தல் வேண்டும். கோப்பை அந்த ஆண்டு வேறு இல்லத்துக்குப் போகலாம், போகட்டும்.